கொச்சங்காடி குடோனில் ரெகே: கை தட்டாமல் கேட்பது எப்படி

போன மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆலுவாவிலிருந்து மட்டாஞ்சேரிக்கு ஒரு ரெகே கச்சேரி கேட்கப் போனேன். பெரிய ரெகே ரசிகை என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். 'உப்புக்காற்று' பேண்டில் டிரம்ஸ் வாசிப்பது என் அக்கா மீனா. அதைவிட முக்கியம், அவள் வாசிப்பதைக் கேட்க எங்கள் அப்பா வருவது அன்றுதான் முதல்முறை.

அக்கா காலையிலேயே கிளம்பிவிட்டாள். அப்பாவும் நானும் 1.40-க்கு மெட்ரோ ஏறினோம். மகாராஜாஸ் காலேஜ் வரை ஐம்பது ரூபாய், முப்பத்தைந்து நிமிடம். அங்கிருந்து படகுத்துறைக்குப் பத்து நிமிட நடை. ஃபோர்ட் கொச்சி படகுக்கு ஆறு ரூபாய், இருபது நிமிடம். இடதுபக்கம் உட்காருங்கள், வெலிங்டன் தீவில் கப்பல் நின்றால் தெரியும். இறங்கியபின் மட்டாஞ்சேரியின் கொச்சங்காடிக்கு மூன்று கிலோமீட்டர். ஆட்டோ சேட்டன் எண்பது கேட்டார். அப்பா மலையாளத்தில் ஐந்து நிமிடம் பேரம் பேசி எண்பதே கொடுத்தார்.

3.15-க்கு குடோன். ஒரு காலத்தில் சுக்கு மூட்டை அடுக்கிய இடம். டிக்கெட் கிடையாது, வாசலில் மூன்று தும்மல் போட்டால் உள்ளே போகலாம். கூரை ரொம்ப உயரம். ரெகேயிலிருந்து பாட்டை உருவிவிட்டு பேஸையும் டிரம்ஸையும் எதிரொலியில் மிதக்கவிட்டால் அது டப். மற்ற பேண்டுகள் அதற்கு மெஷின் வாங்குகின்றன. இவர்களுக்கு குடோனே போட்டுத் தருகிறது.

வில்லங்கம் தாளத்தில் வந்தது. நான்கு எண்ணினால், ரெகேயில் ஒன்றாவது இடத்தில் டிரம்ஸ் வாயே திறக்காது. அடி விழுவது மூன்றில். அந்தக் காலி இடம் இருப்பதால்தான் பாட்டு ஆடுகிறது. வந்திருந்த முப்பது பேரில் பாதி எங்கள் பாலக்காட்டுச் சொந்தம், எல்லாம் பஜனையில் வளர்ந்த கைகள். பஜனையில் ஒன்றில் தட்டாதவன் தூங்குகிறான் என்று அர்த்தம். அப்பா அங்கே ஜால்ரா போடுபவர். நிஜ ஜால்ரா, ஆபீஸ் ஜால்ரா இல்லை.

முதல் பாட்டு ஆரம்பித்ததும் காலி இடம் மொத்தத்தையும் சொந்தக்காரர்கள் தட்டி நிரப்பினார்கள். அப்பாதான் உரக்க. அக்கா வேகத்தை இழுத்துப் பிடித்துப் பார்த்தாள், பாட்டு எக்ஸ்பிரஸ் வண்டியாகி நடுவழியில் நின்றது. "பாவம், பயந்துட்டா" என்றார் அப்பா.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் அக்கா வெளியே வந்தாள். முகம் செத்திருந்தது.

"சந்தோஷமா தட்டறார்டி. தட்டாதேங்கோன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது? இன்னொரு பாட்டும் நின்னா, எனக்கு வாசிக்கவே வராதுன்னு நெனச்சுண்டு போயிடுவார்."

அவளிடம் பத்து நிமிடம் அவகாசம் கேட்டேன். எதிரே ஒரு சாயாக்கடை. பன்னிரண்டு ரூபாய் வீதம் அறுபது கப், எழுநூற்று இருபது. என் பிறந்தநாள் காசு போச்சு.

"முப்பது பேருக்கு அறுபது சாயாவா மோளே? ஆரு குடிக்கும்?" என்றார் கடைக்கார இக்கா. முஸ்லிம் அண்ணன்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"குடிக்க இல்ல இக்கா, பிடிக்க."

கப்பை விளிம்புவரை ஊற்றச் சொன்னேன். ஆளுக்கு ஒன்று கொடுத்து, "இன்னொருத்தர் வரார், அவரோடதையும் கொஞ்சம் பிடிச்சுக்கோங்கோ" என்று மறு கையிலும் ஒன்று வைத்தேன். அந்த இன்னொருத்தர் இன்றுவரை வரவில்லை.

4.10-க்கு இரண்டாவது பாட்டு. ஒன்று காலி. அப்பாவின் கை துடித்தது, சாயா தளும்பி விரலைச் சுட்டது, என்னை முறைத்தார். நான் கூரையைப் பார்த்தேன். கை வழியே போக முடியாத தாளம் அவர் காலுக்கு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் முட்டி மடங்கியது. சரியாக மூன்றில். பக்கத்தில் மாமாவுக்கும், அத்தைக்கும். சாயா சிந்தக் கூடாதே என்று முப்பது பேரும் மெதுவாக, ஒன்றாக, அசைந்தார்கள். அக்கா ஒரு அடிகூடத் தவறவில்லை. கடைசியாக ரெகேயின் வேகக்கார அண்ணன் ஸ்காவையும் வாசித்து முடித்தாள்.

அப்பா ஆறிப்போன இரண்டு கப்போடு அவளிடம் போனார். "மொதல் அடிய விட்டுட்டு எப்படிடி பிடிச்சு நிக்கறே? முப்பது வருஷமா தாளம் போடறேன், எனக்கு வராது." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுக்குத் தூசி என்று அப்புறம் என்னிடம் கதை விட்டாள்.

போகிறவர்களுக்கு: மாதத்தின் முதல் ஞாயிறு, மாலை 3.30. கைக்குட்டை அவசியம். திரும்பும் படகில் கூட்டம் இருக்கும், ஆறு மணிக்குள் துறைக்கு வந்துவிடுங்கள். குடோன் வாசலில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர், நீங்கள் கேட்காமலே, "டிரம்ஸ்ல இருக்கறது எங்காத்துப் பொண்ணு" என்பார். திரும்பி வரும்போதும் சொல்வார். இரண்டு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்ளுங்கள்.