பவுடர் டப்பாவும் ஒரு ஹால் டிக்கெட்டும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருப்பதியில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் பின்வாசலில் ஆரம்பித்த கதை இது. அந்தக் கடையில் நான் செக்யூரிட்டி. முன்வாசலில் நின்று சல்யூட் அடிக்கிற உயரமும் மீசையும் எனக்கு இல்லாததால் பின்வாசலில் போட்டிருந்தார்கள். வேலை முடிந்து போகிற ஊழியர்கள் வரிசையாக வருவார்கள். பையைத் திறந்து, கடைச் சாமான் எதுவும் வெளியே போகவில்லையே என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் நான் அவ்வளவோடு நிற்கிற பிறவியா?

பையில் இருப்பதைத் தூக்கிக் காட்டி, தக்காளி மண்டியில் ஏலம் விடுகிறவர் மாதிரி குரல் கொடுப்பேன். "பாருங்கப்பா, அண்ணன் டிபன் பாக்ஸு! இன்னிக்கும் பாதி துன்னாம எடுத்துக்கினு போறாரு. வீட்ல பூசை இருக்குது!" வரிசை சிரிக்கும். யாருக்கு மூட்டு வலித் தைலம், யாருக்கு நரைமுடிச் சாயம் என்பதெல்லாம் என் புண்ணியத்தில் கடைக்கே தெரியும். சிரிக்காதவர்களும் இருந்திருப்பார்கள். நான் சிரித்தவர்களை மட்டும்தான் பார்த்தேன்.

பட்டுப் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். பாகாலாவிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவள் பையில், தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. பில் என்று நினைத்துப் பிரித்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால், புதிதாக ஒரு ஜோக் கிடைக்குமா என்றுதான் பிரித்தேன். அரசுப் பள்ளி ஆசிரியர் பரீட்சைக்கான ஹால் டிக்கெட்.

"எல்லாரும் எழுந்து நில்லுங்கப்பா, டீச்சரம்மா வர்றாங்க!"

வரிசை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் மேனேஜர் நின்றிருந்ததை அவள்தான் பார்த்தாள். வேறு வேலைக்கு முயற்சி செய்கிறவர்களை வைத்துக்கொள்வதில்லை என்று எங்கள் கடையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மேனேஜர் காகிதத்தை வாங்கிப் படித்தார். "ஓஹோ, அப்படியாம்மா? திங்கக்கெழம முதலாளி வர்றாரு. அவராண்ட சொல்லிட்டு நேரா பரீட்சைக்கே போயிடு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் காகிதத்தை மடித்தாள். "பாஸ் ஆவாம பூட்டா அசிங்கம்னு எங்க நைனாவாண்ட கூட சொல்லலண்ணா. இந்த வேலையும் பூட்டா வீட்ல அடுப்பு எரியாது. நான் உங்களாண்ட இன்னா திருடுனேன்?"

அடுத்த பையை ஏலம் விடாமலே அனுப்பினேன். அதிசயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஏற்கெனவே லீவு. திருமலையில் மொட்டை போட வேண்டும். வேண்டுதல் என் வீட்டுக்காரியுடையது. நான் பீடியை விட்டுவிட்டால் என் தலைமுடியைக் காணிக்கை தருவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டேன் என்று நானும் சொல்லியிருந்தேன். சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். மலைக்குப் புகையிலை கொண்டுபோகக் கூடாது என்பதும் தெரியும். ஆனால் பத்து வருடமாகப் பை பார்க்கிறவனுக்கு ஒளித்து வைக்கத் தெரியாதா? பவுடர் டப்பாவைக் காலி செய்து, ஒரு கட்டு பீடியையும் லைட்டரையும் அதற்குள் போட்டு மூடினேன்.

மலையடிவாரத்து அலிபிரி சோதனைச் சாவடியில் என் பத்து வருட அனுபவம் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஸ்கேனரில் லைட்டர் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. அங்கிருந்த காவலர் பையைத் திறந்து, நேராக டப்பாவை எடுத்து, மூடியைத் திருகினார். எனக்குப் பின்னால் என் மனைவி. அவளுக்குப் பின்னால் மாமியார். அவர்களுக்குப் பின்னால் ஒரு பஸ் நிறைய ஜனம்.

அவர் உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். விரல்கள் மூடியைத் திரும்பத் திருகின. டப்பா சத்தமில்லாமல் மேஜைக்குக் கீழே இருந்த தொட்டிக்குள் போனது.

"இன்னா அது எடுத்துக்கினாரு?" என்றாள் மனைவி.

"மேலே எடுத்துனு போகக்கூடாத சாமான்மா" என்று அவரே தமிழில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "வெள்ளண்டி" என்று தெலுங்கில் போகச் சொல்லி வழிவிட்டார்.

"பவுடர் கூடவா ஆவாது?" என்று மாமியார் வழியெல்லாம் ஆச்சரியப்பட்டுக்கொண்டே வந்தார்.

அந்த மனிதருக்கும் வாய் இருந்தது. சிரிக்க ஒரு வரிசையே காத்திருந்தது. கையில் முதல்தரமான ஜோக் இருந்தது. கத்தி என் தலையில் ஓடிக்கொண்டிருந்தபோது எனக்கு இந்த நினைப்புதான்.

திங்கட்கிழமை, மொட்டைத் தலையோடு முதலாளி அறைக்குப் போனேன். மேனேஜரும் அந்தப் பெண்ணும் ஏற்கெனவே நின்றிருந்தார்கள்.

"நீ எதுக்கய்யா வந்தே?" என்றார் முதலாளி.

"பொடவை இருக்குதான்னு பாக்கத்தான் நீங்க என்னை வெச்சீங்க சார். நான் காயிதத்தைப் படிச்சேன். யாராவது வேலைய விட்டுப் போவணும்னா, அதப் படிச்ச நான்தான் போவணும்." கூடவே பவுடர் டப்பா கதையையும் சொல்லிவிட்டேன். அவளுடைய ரகசியத்தை ஊருக்குச் சொன்னவன் தன்னுடையதை மட்டும் பத்திரமாக வைத்திருப்பது நியாயமாகப் படவில்லை.

முதலாளி என் தலையைப் பார்த்தார். "அப்போ இது பீடி விடாததுக்குப் போட்ட மொட்டையா?" அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் பேசினாள். "சார், என் பையில கடைச் சாமான் இருந்தா கேளுங்க. என் காயிதத்துக்கு நான் ஏன் பதில் சொல்லணும்? இத்தினி நாள்ல பட்டு விக்கறதுல கொறை வெச்சேனா?"

மேனேஜர் ஏதோ சொல்ல வந்தார். முதலாளி கையமர்த்தினார். "பாஸ் ஆனா போகட்டும்யா. ஆகற வரைக்கும் பட்டு விக்கட்டும். பரீட்சை அன்னிக்கு மட்டும் வேற யாரையாவது மாத்தி விட்டுட்டுப் போம்மா."

"இன்னொண்ணு சார்" என்றாள் அவள். பை பார்க்கிற முறையையே மாற்றச் சொல்லிக் கேட்க எனக்கு வராத தைரியம் அவளுக்கு வந்தது. அந்த வாரமே பின்வாசலில் ஒரு திரை வந்தது. பெண்களின் பையைப் பார்க்க ஒரு அம்மாள் வந்தார். ஆணோ பெண்ணோ, பையை உரியவர்தான் திறந்து காட்ட வேண்டும்; காகிதத்தைத் தொடக் கூடாது. எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு விதி: வாயைத் திறக்கக் கூடாது.

என் கதை அன்று மாலை என்னோடு ரயிலில் ஏறி, எங்கள் ஊரான புத்தூரில் எனக்கு முன்பே இறங்கி வீட்டுக்குப் போய்விட்டது. "மசுரும் பூட்ச்சு, பீடியும் பூவல" என்று மனைவி மூன்று நாள் பேசவில்லை. முடி வளர்வதற்குள் பீடியை நிஜமாகவே விட்டேன்.

அந்தப் பெண் முதல் தடவை பாஸ் ஆகவில்லை. மறுபடி எழுதினாள். போன வருடம் ஒரு மாலை, திரைப் பக்கம் போகாமல் நேராக என் மேஜைக்கு வந்து, தானே பையைத் திறந்து, ஒரு காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். வேலை உத்தரவு.

"இத நீங்களே படிங்கண்ணா. சத்தமா. மண்டி ஏலம் மாதிரி."

"எல்லாரும் எழுந்து நில்லுங்கப்பா" என்று ஆரம்பித்தேன். மிச்சத்தை வரிசையில் நின்றவர்களே கத்தி முடித்தார்கள்.

இன்றும் அதே பின்வாசலில்தான் நிற்கிறேன். ஒவ்வொரு பை திறக்கும்போதும், அலிபிரியில் என் டப்பாவை மூடிய அந்த விரல்கள் ஒரு கணம் கண்முன் வந்து போகின்றன. அதற்குப் பிறகு என் கண் புடவையைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.