பாட்டுக்காரர் வராத பக்கம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி, ராஜபாளையத்தில் கேசட் பதிந்து தரும் ஒருவரிடம் போவேன். கசங்காத வெள்ளைச் சட்டை, காதிடுக்கில் பென்சில். சினிமா இசைத்தட்டில் வசனம் ஓடினால் டேப்பை நிறுத்தி வைப்பார். பாட்டு தொடங்கினால்தான் ஓடவிடுவார். நம் டேப் வீணாகக் கூடாதாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு ஜாஸ்-ராக் குழுவின் இரண்டாவது ஆல்பத்தைக் கொண்டுபோனேன். முதல் ஆல்பத்தில் சின்னச் சின்ன உருப்படிகள். இதிலோ தட்டின் பக்கத்துக்கு ஒரே ஒரு நீண்ட இசை. என்ன துணிச்சல்! தட்டு நண்பனின் மாமாவுடையது. மாமா அன்று மாலையே தட்டோடு பம்பாய்க்குக் கிளம்புகிறார்.

டீ குடித்துவிட்டு வந்தால், கடைக்காரரின் விரல் இன்னும் பதிவுப் பொத்தான் மேலேயே இருந்தது. கேசட் நகரவே இல்லை.

“பாடுறவரு இப்ப வருவாரு, செத்த நேரத்துல வருவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் தம்பி. ஒரு பக்கமே முடிஞ்சிருச்சு!”

“அண்ணாச்சி, இதுல யாருமே பாட மாட்டாங்க!”

“மொதல்லயே சொல்ல வேண்டாமா? எம்புட்டு நேரம் காத்துக் கெடக்கேன்!”

மறுபக்கத்தைப் பதியத்தான் நேரம் இருந்தது. கிளம்பும்போது ஆற்றாமையோடு கேட்டேன்: “மொதப் பக்கம் எப்படி அண்ணாச்சி இருந்துச்சு?”

அவர் கண்ணை மூடி, மேசைக் கண்ணாடியில் தாளம் தட்டி, வாயாலேயே வாசிக்கத் தொடங்கினார். நடுவே வந்த வாடிக்கையாளரைக் கைகாட்டி நிற்க வைத்தார்.

அந்தத் தட்டு அப்புறம் என் கைக்கு வரவில்லை. அதன் முதல் பக்கம் என்றால் இன்றும் எனக்கு அவர் வாசித்ததுதான்.