ஆறக் காத்திருந்த எஞ்சின்

கீழே தெருவில் ஒரு டிராக்டர் இருமி நிற்கிறது, மறுபடி இருமுகிறது. டீசல் புகை ஜன்னலேறி வர, எண்பதுகளின் முள்ளிப்பட்டில் பத்து வயதுப் பெண்ணாக நிற்கிறேன்.

எங்கள் பழைய சின்ன டிராக்டரைப் பார்க்க வெம்பாக்கத்துக்காரர் ஒருவர் வந்திருந்தார். நல்ல விலைக்குப் போனால் அப்பா உழவு மாடு வாங்கிக்கொண்டு ஊரிலேயே இருப்பார். இல்லையென்றால் பெங்களூருக்கு லாரி ஓட்டப் போவார். அம்மா இல்லாத வீட்டில் எனக்கு அவர் மட்டும்தான்.

வந்தவர் முதலில் எஞ்சின்மேல் கை வைத்தார்.

"சுடுதே. நான் வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிகினியா?"

அப்பா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பரவால்ல, ஆறட்டும். ஆறின எஞ்சின் புடிக்குதான்னு பாக்கணும். எனுக்கு ஒண்ணும் ஜல்தி இல்ல" என்று, தெருவில் தறிக்குப் பட்டு நூலைப் பாவாக நீட்டுகிறவர்களை வேடிக்கை பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

யாரும் பார்க்காதபோது என் போர்வையை எடுத்துவந்து எஞ்சின்மேல் போர்த்தினேன். மதியம் வந்தவர் சிரிக்காமல் அதை மடித்து என் கையில் கொடுத்தார். ஆறிப்போன வண்டியை அப்பா முடுக்கி முடுக்கி ஓய்ந்த பிறகுதான் அது பிடித்தது.

"என் கழனிக்கு அளவான வண்டிதான். ஆனா பாதி வெலதான் தருவேன்."

அடுத்த வாரம் ஆரணி பஸ் ஸ்டாண்டில் என்னை அத்தையிடம் விட்டுவிட்டு, பெங்களூர் பஸ் ஏறுமுன் அப்பா குனிந்து காதோடு சொன்னார்:

"அத்த வூட்ல எதையும் கேட்டு வாங்கித் துன்னாத, பாப்பா. குடுத்தா துன்னு."