சீமைமணிக் கொசுறு

சனிக்கிழமைச் சந்தையில் செர்ரிப் பழம் நிறுத்துக்கொண்டிருந்த பெண்மணி, தராசைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "கொஞ்சம் கூடப் போகிறது, இருக்கலாமா?" நான் ஜெர்மனிக்கு வந்த புதிது. பரவாயில்லையே, கொசுறு கொடுக்கிற ஊருக்குத்தான் வந்திருக்கிறோம் என்று மனம் குளிர்ந்து, தலையைத் தலையை ஆட்டினேன். கூடப் போன பழத்துக்கும் சேர்த்துத்தான் பில் வந்தது. அப்புறம் எதற்கு அம்மணி என் சம்மதத்தைக் கேட்டாய்? எங்கள் பாபநாசம் கடைத்தெருவில் கத்திரிக்காய் வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்காமலே பையில் விழும். விழாவிட்டால் கேட்டு வாங்குவோம், அதில் வெட்கமே கிடையாது. பால்காரர் அளந்து ஊற்றிய பிறகு ஒரு சொட்டு கூட விடவில்லை என்றால், அன்றைக்கு அவர் வீட்டில் சண்டை என்று தெரிந்துகொள்வோம்.

இந்தக் கொசுறு ஒருநாள் என் அண்ணியின் கடைக்கே உலை வைக்கப் பார்க்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அண்ணி ஸ்டெல்லா பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார். அண்ணன் குத்தகை நிலத்தில் நெல் போடுகிறார், அண்ணி மணி கோர்க்கிறார். ஒரு கையில் நைலான் நரம்பு, மடியில் மணிக் கிண்ணம், காது மட்டும் குக்கர் விசிலில். பல வருஷம் கும்பகோணத்தில் ஒரு கடைக்குக் கோர்த்துக் கொடுத்தார். கடைக்காரர் தன் பெயர் அச்சடித்த அட்டையில் செருகி விற்றார். அதனால்தான் நான் இங்கிருந்து இணையத்தில் 'ஸ்டெல்லா' என்று ஒரு கடை திறந்து கொடுத்தபோது, அண்ணி மாலைப் படங்களைப் பார்க்கவே இல்லை. "என் பேரு நல்லா தெரியுதா ஜெயா?" என்று மட்டும்தான் கேட்டார். அந்தப் பக்கத்தை போன் பேசத் தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பினார். கோயிலில் போதகரம்மாவுக்கு இரண்டு தடவை காட்டினாராம்.

கடைப் பக்கத்தில் மாலைகளின் சரித்திரம் எழுதுகிற வேலை எனக்கு. பொருளின் பின்னணியைச் சொன்னால்தான் இங்கே விற்கும். 'காவிரிக் கரையின் ஈராயிரம் ஆண்டு மணிக்கலை' என்று போட்டேன். முழுப் பொய் இல்லை. பூம்புகார் மண்ணைக் கிளறினால் பழைய மணி கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அண்ணி கோர்ப்பது பாரிமுனையில் கிலோக் கணக்கில் வாங்கிய சைனா மணி. அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அண்ணி ஒவ்வொரு மாலையையும் தனித்தனி உறையில் ஒட்டி, ஒரே பெட்டியாக எனக்கு அனுப்புவார். முகவரி எழுதித் தபாலில் போடுவதோடு என் வேலை முடிந்தது. உறைக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. முதல் கடிதம் ஹாம்பர்கிலிருந்து வந்தது. 'ஒரு மாலைதான் கேட்டிருந்தேன். கூடவே ஒரு சின்ன மணிச்சரம் இருக்கிறது. இதை நான் கேட்கவில்லை.' அடுத்தவர், கேட்காமல் அனுப்பிய பொருளுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று சட்டப் பிரிவோடு எழுதினார். இன்னொருவர் அந்தச் சரத்தைப் பதிவுத் தபாலில் திருப்பியே அனுப்பிவிட்டார். இன்னும் ஒரு புகார் வந்தால் கடையை மூடிவிடுவோம் என்று இணையதளக்காரர்களும் எழுதிவிட்டார்கள்.

அண்ணியைக் கூப்பிட்டேன். "அண்ணி, இந்தக் கொசுறு வைக்கிறத நிறுத்துங்க. கடை போயிடும்."

"கொசுறு இல்லாம குடுத்தா வித்த மாதிரியா இருக்கும்? புடுங்கிக்கிட்ட மாதிரில்ல இருக்கும். எங்கப்பா ஒரு டஜன் வளையலுக்கு ஊக்காவது வச்சுத்தான் குடுப்பாரு."

"அப்ப 'இலவசம்'னு ஒரு சீட்டாவது எழுதி வைங்க."

"இலவசம்னா போயிட்டு வாங்கன்னு அர்த்தம். கொசுறுன்னா மறுபடி வாங்கன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணா?" என்றார். பிறகு, "என் பேரையும் எடுத்துடுவாங்களா ஜெயா?" என்று கேட்டார்.

அந்த வாரமே வாசல் மணி அடித்தது. கையில் எங்கள் உறையோடு, நன்றாக நரைத்த ஒரு பெண்மணி நின்றார். அனுப்புநர் முகவரியைப் பார்த்து ரயிலேறி வந்திருக்கிறார். பெயர் ஃப்ராவ் லிண்ட்னர்; ஃப்ராவ் என்றால் திருமதி. புகார் நேரிலேயே வந்துவிட்டது, தீர்ந்தது கதை என்று நினைத்தேன். அவர் வாங்கிய மாலையை உறையோடு ஓரமாக வைத்துவிட்டு, கொசுறுச் சரத்தை மட்டும் என் முன்னால் நீட்டினார். நீலக் கண்ணாடி மணிகள்.

"இதை எங்கே வாங்கினீர்கள்? இது எங்கள் மணி."

திருட்டுப் பட்டம் வேறா என்று பதறிப்போய், அண்ணியை வீடியோவில் கூப்பிட்டேன். நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். "அது எங்கப்பா கடைச் சரக்கு. சீமைமணின்னு சொல்லுவாரு. சைனா மணி வந்தப்புறம் யாரும் சீண்டல. பெட்டியோட கெடக்குதேன்னு கொசுறுக்குப் போடுறேன்."

அதை நான் ஜெர்மனில் சொன்னதும் ஃப்ராவ் லிண்ட்னர் உட்கார்ந்துவிட்டார். இன்றைக்குச் செக் நாட்டில் இருக்கிற பொஹீமியாவில் அவர்கள் ஊரே மணி செய்த ஊராம். பெட்டி பெட்டியாக இந்தியாவுக்குக் கப்பலேறியதாம். போருக்குப் பிறகு, ஜெர்மன்காரர்கள் என்று அவர்களை அங்கிருந்து துரத்திவிட்டார்கள். இவர் அப்போது இடுப்புக் குழந்தை. இந்தப் பக்கம் வந்து முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். "அப்பா செய்த மணி ஒன்றுகூட என்னிடம் இல்லை" என்றார். அவர் அப்பா செய்ததுதானா என்று யாருக்குத் தெரியும்? நான் கேட்கவில்லை.

பிறகு பர்ஸைத் திறந்தார். விலை சொல்லாமல் எடுத்துக்கொள்ள மாட்டாராம். கைப்பேசிக்குள்ளிருந்து அண்ணி, "காசு வாங்குன, அப்புறம் நான் உங்கூட பேச மாட்டேன்" என்றார். நடுவில் நான், மத்தளம் மாதிரி. கடைசியில், கொசுறு என்றால் மறுபடி வாங்க என்று அர்த்தம் என்பதை ஜெர்மனில் சொன்னேன். பர்ஸ் மூடிக்கொண்டது.

தளத்தில் அவர் எழுதிய மதிப்புரையைப் பார்த்து இணையதளக்காரர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்: 'ஃப்ராவ் ஸ்டெல்லா கேட்டதற்கு மேல் அனுப்புகிறார். அதைத் திருப்பி அனுப்பாதீர்கள்.' அண்ணி தன் பெயர் இருந்த இடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாராம். "மறுபடி வந்தாங்களா அவங்க?" என்று கேட்டார்.

வராமல் என்ன? இப்போது மாதா மாதம் வந்து, என் சமையலறை மேசையில் உட்கார்ந்து, கொசுறு என்றால் என்ன என்று உறைக்கு ஒரு சீட்டு எழுதுகிறார். சரித்திரத்தையும் என்னைத் திருத்தி எழுத வைத்தார். சைனா என்று வெளிப்படையாகப் போட்டபிறகும் விற்கிறது, அதுதான் எனக்குக் கொஞ்சம் அவமானம். போன தடவை பிளம் ஜாம் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, கோட்டுப் பையிலிருந்து குட்டி பாட்டில் ஒன்றையும் எடுத்து வைத்தார்.

அந்த நேரம் பார்த்து அண்ணியின் பெட்டியோடு தபால்காரப் பெண் வந்தாள். ஃப்ராவ் லிண்ட்னர் கழுத்தில் நீலச் சரம், என் கழுத்தில் சைனா மாலை.

"அழகாக இருக்கிறதே, இந்தியாவா?" என்று அவர் சரத்தைக் காட்டிக் கேட்டாள்.

"ஆமாம்" என்றார் ஃப்ராவ் லிண்ட்னர். "இல்லை, இவர் ஊர்தான்" என்றேன் நான். இரண்டும் ஒரே சமயத்தில் வந்து விழுந்தன. அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று தெரியாமல் நின்றாள்.