மூன்று வேலை, மூன்று பொட்டலம்

விமானம் ஓட்டும் லைசென்ஸ் வாங்கிப் பதினாலு மாதம் ஆகியும், நான் ஓட்டிக்கொண்டிருந்தது மொட்டை மாடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத்தான். பறக்காமலே இருந்தால் கைக்கு எல்லாம் மறந்துபோகும். அதனால் தினமும் காலையில் அதில் உட்கார்ந்து, கண்ணை மூடி, இல்லாத லீவரைத் தள்ளி, இல்லாத சுவிட்சைத் தட்டி, முணுமுணுத்துக்கொண்டே ஏறி ஒரு சுற்று சுற்றி இறங்குவேன். பைலட்டுகள் எல்லோரும் செய்கிற பயிற்சிதான். மரக்காணத்தில் எங்கள் தெரு அதை நம்பவில்லை. "பொண்ண ஒருதபா மந்திரிச்சிக்கினு வந்துடேன்" என்று பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் அக்கறையாகவே சொன்னார்.

அப்படிக் காய்ந்து கிடந்தவளுக்கு ஒரே வாரத்தில் மூன்று வேலை வந்தது. காய்ந்தும் கெடுக்கும், பெய்தும் கெடுக்கும்.

முதலாவது, வடக்கே ஒரு பெரிய விமானக் கம்பெனி. ஜெட் விமானம், மடிப்புக் கலையாத யூனிபாரம். ஒரே ஒரு குறை, விமானம் இன்னும் வரவில்லை. ஆர்டர் போட்டிருக்கிறார்களாம், வந்ததும் கூப்பிடுவார்களாம், அதுவரை வேறெங்கும் போகமாட்டேன் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். மாப்பிள்ளை பிறக்கட்டும், நீ மணவறையிலேயே உட்கார்ந்திரு என்கிற மாதிரி. இரண்டாவது, ஆறு மணி நேர பஸ் தூரத்தில் ஒரு பைலட் பயிற்சிப் பள்ளி. முதலில் ஆபீஸ் வேலை, அப்புறம் பார்த்து வாத்தியார் வேலை. மூன்றாவது, வடகிழக்கு மலையூர்களுக்கு விசிறி வைத்த சின்ன விமானம் விடும் கம்பெனி. அடுத்த மாதமே துணை பைலட்டாக ஏறி உட்காரலாம். எனக்கு அதுதான் வேண்டும். இன்னும் ஒரு வருடம் நாற்காலி ஓட்டினால் நான் பைலட்டாக இருக்கமாட்டேன் என்று பயமாக இருந்தது.

மூன்றுக்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கெடு. அப்பா உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கிறவர். பக்கத்து ஊர் பிரம்மதேசத்தில் இருந்த நிலத்தை விற்று என்னைப் படிக்க வைத்தவர். அவரை மீறிக் கையெழுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை. அது ஐப்பசி மாதம் வேறு. பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர், யாருக்கும் வேலை இல்லை. ஆகவே சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் என் எதிர்காலத்தைப் பற்றி யோசிக்க நேரம் இருந்தது.

"பைலட்டுக்குப் பக்கத்து சீட்டுன்னா கிளீனர் மாதிரியாம்மா?" என்றார் லாரி வைத்திருக்கும் சித்தப்பா.

"இல்ல சித்தப்பா, நானும் ஓட்டுவேன்."

"அப்ப டிரைவரு எதுக்கு?"

அப்பாவின் கேள்வி இன்னும் நேரடி. "எதுல ஜன்னல் ஜாஸ்தி?" பெரிய கம்பெனியில்தான் என்றேன். "அப்ப அதான். பிளைட்டு வரும்போது வரட்டும். உப்பு மட்டும் தண்ணி கட்டுன மறுநாளே வருதா?" அத்தைக்கு வாத்தியார் வேலை பிடித்திருந்தது, கல்யாணப் பேச்சில் சொல்ல வசதியாக இருக்குமாம். மலைக் கம்பெனிக்காகப் பேச ஆளில்லை. அம்மா எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அம்மன் கோயிலில் பூ போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளிக்கிழமை மத்தியானம் போனோம். வெள்ளைப் பூ பெரிய கம்பெனி, சிவப்புப் பூ வாத்தியார் வேலை. மூன்றாவதுக்குப் பூ இல்லை. "உப்பும் மிளகும் கொட்டுற சாமிதான, உப்ப வெச்சா என்ன?" என்று அப்பா ஒரு சிட்டிகை கல்லுப்பை எடுத்து நியூஸ்பேப்பரில் மடித்தார். பூக்களையும் அதே மாதிரி மடித்ததும் மூன்று பொட்டலமும் தட்டில் ஏறின. பூசாரி வெளியே போயிருந்தார். வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். வெளியே தூறல், கடல் காற்று.

ஐப்பசி ஈரத்தில் உப்பு கசியும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். அங்கே இருந்த அத்தனை பேரும் உப்பில் சம்பாதித்துச் சாப்பிட்டவர்கள். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வானிலைப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கிய எனக்கும்தான்.

பூசாரி வந்து கற்பூரம் காட்டினார். குழந்தை ஒன்று எடுக்கட்டும் என்றார். வந்திருந்த கூட்டத்தில் கடைசிக் குழந்தை நான்தான் என்பதால் அம்மாவை எடுக்கச் சொன்னார். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். என்னால் மூட முடியவில்லை. தட்டில் இரண்டு பொட்டலம் உலர்ந்து கிடந்தன. மூன்றாவது நனைந்து தொப்பலாகத் தட்டோடு ஒட்டியிருந்தது.

அம்மா பல வருடம் அளத்தில் உப்பு வாரியவள். அவளுக்கா தெரியாது? என்னைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பவே யோசிக்கிறவள், உலர்ந்ததில் ஒன்றைத்தான் எடுப்பாள். 'இது செல்லாது, மறுபடி கட்டுங்க' என்று கத்தலாமா என்று நினைப்பதற்குள் அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். ஈரப் பொட்டலத்தைப் பிய்த்து எடுத்தாள்.

"அம்மா உத்தரவு" என்று அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். வீடு போய்ச் சேர்வதற்குள், பெரிய பிளைட்டை வளைத்துத் திருப்புவது கஷ்டம், சின்னதுதான் சௌகரியம் என்று சித்தப்பாவுக்கே விளக்கிக்கொண்டிருந்தார்.

நான் அம்மாவோடு பின்தங்கி நடந்தேன். "ஈரம் தெரிஞ்சுதாம்மா?"

"தெரியாம? பதினாலு மாசமா நீ அந்த நாற்காலில ஏறி எறங்குறத மாடிப்படிலயே நின்னு பாத்துக்கினு இருக்குறேன். டெய்லி நீ எறங்குனப்புறம்தான் போய் அடுப்பப் பத்த வெப்பேன்." புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே நீ எறங்குனது எனக்கு எப்பிடித் தெரியும், சொல்லு."

சாயங்காலம் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

இப்போது மலையூர்களில் காலையில் முதல் தடவை இறங்கி இன்ஜினை நிறுத்தியதும் அம்மாவுக்குப் போன் போடுகிறேன். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்கமாட்டாள். "எறங்கிட்டியா? சரி, அடுப்பப் பத்த வெக்கிறேன்" என்று வைத்துவிடுவாள். மேகம் விலகாமல் விமானம் தாமதமாகும் நாட்களில் அப்பாவுக்கு மத்தியானம்தான் காலைச் சாப்பாடு.