வைன் வகுப்பில் எழும்பாத ஆள்

போன கிழமை என் பிறந்தநாளுக்கு மகள் ஒரு சிவப்பு வைன் போத்தல் கொண்டுவந்தாள். பின்பக்க லேபிளைத் திருப்பிக் காட்டி, "மருந்தடிக்காத பழம் அப்பா, இத்தாலியிலிருந்து" என்று டேனிஷில் பெருமையாகச் சொன்னாள். தக்கையை இழுத்ததும் வந்த புளித்த பழ மணம் நேரே மூக்கில் ஏறி, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கொண்டுபோய் வெளியிலை வை!" என்று கத்திவிட்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும். உங்களுக்காவது காரணத்தைச் சொல்லவேண்டும்.

டென்மார்க்கின் ஒடென்சேயில் வைன் இறக்குமதி செய்யும் ஒரு கிடங்கில் 2009இல் எனக்கு வேலை. இத்தாலியப் போத்தல்களின் முதுகில் டேனிஷ் லேபிள் ஒட்டவேண்டும். நானோ பெந்தெகொஸ்தே சபைக்காரன், ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. ஆனாலும் கிடங்கில் ஏதாவது போத்தல் உடைந்த நாளில் பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.

இலங்கையில் போர் முடிகிற அந்த மே மாதம், என் அண்ணை குடும்பத்தோடு வன்னிக் கடற்கரையில் அகப்பட்டிருந்தார். யாருடையதோ சற்றலைட் போனில் ஒரு நிமிடம் கதைத்தார். "எந்தப் பக்கத்தாலை வெளிக்கிடலாம் எண்டு விசாரிச்சு வை. வியாழக்கிழமை போன் எடுப்பன். போனைக் கையிலை வைச்சிரு தம்பி."

லண்டன், கனடா என்று தெரிந்தவர்களையெல்லாம் கேட்டு, ஒரு தாளில் எழுதி, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வியாழக்கிழமை வேலைக்குப் போனேன். போன் அலுமாரிக்குள் இருக்கவேண்டும் என்பது கிடங்கின் சட்டம். கழிப்பறைக்குப் போகிற சாட்டில் போய்ப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று பார்த்து முதலாளி ஹென்ரிக், புதிதாக வந்த வைன் பற்றி வகுப்பெடுக்க எல்லோரையும் மேசையைச் சுற்றி இருத்தினார்.

அந்த வைன் வருகிற இத்தாலியக் குன்றில் களைகொல்லி கிடையாதாம். கொடி வரிசைகளுக்கு நடுவே அவரைச் செடி விதைத்து, பூக்கும்போது மண்ணோடு உழுதுவிடுவார்களாம். நோய்க்குக் கந்தகமும், மயில்துத்தம் கரைத்த சுண்ணாம்புத் தண்ணீரும் மட்டும்தானாம். கையால் பறித்த பழத்தைக் காம்பு நீக்கி, தோலோடு தொட்டியில் நசித்துவிட்டால் தோலில் இருக்கும் ஈஸ்ட்டே புளிக்கவைக்குமாம். மிதந்து வரும் தோலை நாளுக்கு இருமுறை அமிழ்த்தவேண்டும், சிவப்பு அதிலிருந்துதான் இறங்கும் என்றார். பிறகு பிழிந்து, பழைய மரப்பீப்பாயில் ஒரு வருடத்துக்கு மேல் விடவேண்டுமாம். "அவசரமே கூடாது" என்றார் கண்ணை மூடிக்கொண்டு.

வன்னிக்கு இடம்பெயர்வதற்கு முதல் அண்ணை யாழ்ப்பாணத்தில் முந்திரிகை வளர்த்தவர். திராட்சைக்கு எங்கள் பெயர் அது. வடக்குக்கு யூரியாவை வரவிடாமல் அரசாங்கம் தடுத்த வருடங்களில் ஆட்டெருவும் பச்சிலைக் குழையும் மண்ணுக்குள் தாட்டே பந்தலைக் காப்பாற்றினார். அதற்கு யார் லேபிள் ஒட்டினார்கள்? ஒரு கொடிக்கு நஞ்சு படக்கூடாது என்று உருகுகிற உலகம், அந்தக் கடற்கரையில் விழுந்த குண்டுகளை டெலிவிஷனில் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனது.

வகுப்பின் நடுவில், பக்கத்திலிருந்த, கூட வேலைசெய்யும் லோனே எழும்பினாள். "மகனுக்குக் காய்ச்சல், போனைப் பார்த்திட்டு வாறன்" என்றாள். ஹென்ரிக் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தார். அவ்வளவுதான் விஷயம். நான் எழும்பவில்லை. முதலாளி கதைக்கும்போது எழும்புவது மரியாதையில்லை என்று வளர்ந்த உடம்பு, கையைக் கட்டிக்கொண்டு, பீப்பாய்க் கதைக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தது.

வகுப்பு முடிந்து அலுமாரியைத் திறந்தபோது தவறிய அழைப்புகள் மூன்று. திருப்பி எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த நாள் அதுவும் அடிக்கவில்லை.

"சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை?" என்றார் ஹென்ரிக், பிறகு விஷயம் தெரியவந்தபோது. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். அவர் கன்னத்தில் அறையவேண்டும் போலிருந்தது. அதைவிட என் கன்னத்தில்.

அந்தக் கிடங்கு இன்று உடற்பயிற்சி நிலையம். என் அலுமாரி இருந்த சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அந்தப் போனும் சார்ஜ் ஏறாமல் செத்துப்போயிற்று. இப்போது யார் பேசினாலும் நடுவில் எழும்பிவிடுவேன். போதகர் பிரசங்கிக்கும்போது போன் அதிர்ந்தாலும் சபை முழுக்கத் திரும்பிப் பார்க்க வெளியே நடக்கிறேன். மின்சாரம் மலிவாகத் தருகிறோம் என்கிறது போனில் ஒரு விற்பனைக் குரல். அண்ணை பிறகு எடுக்கவேயில்லை.