டோரீன் மூடி வைத்த ஆமை

டோரீன் ஃபர்டாடோ அமெரிக்கக் கடலோர ஊரான கேப் காடில் இருபத்தேழு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஒரு ஜனவரியில், கடைசி சீட்டில் தூங்கிப்போன குழந்தையைக் கவனிக்காமல் வண்டியைப் பூட்டிவிட்டுப் போய்விட்டாள். நாற்பது நிமிஷம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, இவளுக்குத்தான் ஆகிவிட்டது. அன்றிலிருந்து அடுப்பு, கதவு, பூனை என்று எதையும் இரண்டு தடவை பார்க்காமல் படுக்கமாட்டாள்.

ஓய்வு பெற்றபின் நவம்பர் வந்தால் கடற்கரை ரோந்துதான் வேலை. குளிரில் விறைத்த குட்டி ஆமைகள் கரை ஒதுங்கும். பார்த்தால் செத்த மாதிரி இருக்கும், நம்பிவிடக் கூடாது. மேட்டுக்குத் தூக்கிப்போய், காற்று படாமல் கடற்பாசியால் மூடி, கரையில் கிடக்கும் குப்பையிலேயே பளிச்சென்று எதையாவது அடையாளமாக நட்டுவிட்டு, மீட்பு மையத்துக்குப் போன் போட வேண்டும்.

அன்றைக்கும் அப்படித்தான். தட்டளவு ஆமை, ஓட்டின் ஓரம் உடைந்திருந்தது. பாசியால் மூடி, மேலே ஓர் ஆரஞ்சு மிதவையை வைத்தாள். போனில் சிக்னல் இல்லை. வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடிப்போய்ப் பேசினாள். ஆள் அனுப்ப முடியாது, நீங்களே கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள். வாழைப்பழ அட்டைப்பெட்டியும் கையுமாகத் திரும்பினாள்.

எதிரே அவள் கணவன் கிளிஃப், தோளில் மூட்டையோடு, முகமெல்லாம் பல்லாக வந்தான். கரையில் குப்பை பொறுக்கும் தொண்டில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

"இன்னிக்கு நல்ல வேட்டை, டோரீன்! பாரு!"

மூட்டை வாயில் ஆரஞ்சு மிதவை.

"அடப்பாவி மனுஷா! இதை எங்கேருந்து எடுத்தே?"

"அங்கேதான்... எங்கேயோ. பாசி மேல கிடந்துச்சு."

"அது குப்பை இல்லடா! அதுக்கடியில ஆமை இருக்கு!"

எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்கிறவள், இந்த அடையாளம் வைக்கிற விஷயத்தை அவனிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. காற்று வேறு அலையைத் தள்ளிக்கொண்டு வந்தது. மேடு என்று நம்பி வைத்த இடத்தையே இன்று தண்ணீர் தொட்டுவிடும் போலிருந்தது. அரை மைல் நீளத்துக்கு ஒரே மாதிரிப் பாசிக் குவியல்கள். இருவரும் வெறுங்கையால் கிளறினார்கள்.

"கிடைச்சிருச்சு!" என்று கிளிஃப் கத்தினான்.

ஓடிப்போய்ப் பார்த்தாள். ஓட்டில் உடைசலே இல்லை.

"இது வேற. யாரும் பார்க்காத ஒண்ணு."

"ஒண்ணு பொழைச்சுதே, போதும்மா. வா, போலாம். கை மரத்துப் போச்சு."

"நீ போ. என்னுது இன்னும் உள்ளே கிடக்கு."

சொல்லி வாய் மூடவில்லை, பெரிய அலை ஒன்று ஏறிப் பக்கத்திலிருந்த குவியலையே அள்ளிக்கொண்டு போனது. பாசிக்கு நடுவே கறுப்பாக ஒன்று உருண்டது. டோரீன் பூட்ஸோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதைக் கட்டிப் பிடித்தாள். ஓரம் உடைந்த ஓடு. அசைவே இல்லை.

இரண்டு ஆமைகளையும் பெட்டியில் வைத்துக் காரில் ஏறியபோது இருவருக்கும் பல் கிட்டித்தது. கிளிஃப் ஹீட்டரைத் திருகப் போனான், அவள் அவன் கையில் ஓங்கி அடித்தாள்.

"சட்டுனு சூடு பட்டா அது செத்துடும்!"

"நாம செத்தா பரவாயில்லையா?"

அவள் பெட்டிக்குள் கைவிட்டு, ஓடு உடைந்த ஆமையின் கண்ணோரம் விரலால் லேசாகத் தொட்டாள். ஒன்றுமில்லை. மறுபடி தொட்டாள். இமை மெல்லச் சுருங்கியது.

"உசிரு இருக்குடா," என்று சொல்லி ஓவென்று அழுதாள். கிளிஃப் குளிர்காற்று உள்ளே வரும்படி ஜன்னலையும் கொஞ்சம் இறக்கிவிட்டான்.